வீட்டு ஹாலுக்கு எந்த அளவு பூல் மேசை பொருந்தும்?

பூல் மேசை வாங்க நினைக்கிறவர்களில் பலர் மேசையின் அளவையும் அறையின் அளவையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மேசையின் அகலம் நாலரை அடி, ஹாலின் அகலம் 12 அடி, ஆகவே இரு பக்கமும் மூன்றே முக்கால் அடி மிஞ்சுகிறது, ஆள் தாராளமாக நடக்கலாம் என்று முடிவு செய்து முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஆள் இருக்கிறார், மேசை இருக்கிறது, ஆனால் கோல் இல்லை. பெரியவர்கள் பிடித்து ஆடும் கியூ கோல் 57 அல்லது 58 அங்குல நீளம் இருக்கும். கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து, மேசையின் ஓரத்தில் பந்துகள் மோதித் திரும்பும் குஷனை ஒட்டி நின்றுவிட்டால் அந்தக் கோல் ஏறக்குறைய முழுவதுமாக ஆடுதளத்துக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பதற்கு முன் கையைப் பின்னால் இழுக்க இன்னும் ஆறு அங்குலம் வேண்டும். ஆக, குஷனின் விளிம்பிலிருந்து சுவர் வரை 64 அங்குலம், அதாவது 5 அடி 4 அங்குலம், ஒவ்வொரு பக்கமும் வெறுமையாக இருக்க வேண்டும். கோலாலம்பூரில் என் உறவினர்களும் நண்பர்களும் மேசை வாங்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பதுண்டு. அவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த 64 அங்குலக் கணக்கைத்தான்.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் மேசையின் வெளிவிளிம்பு அன்று. ஒரு குஷனின் மூக்கிலிருந்து, அதாவது உள்பக்கம் நீட்டி நிற்கும் அதன் விளிம்பிலிருந்து, எதிர்க் குஷனின் மூக்கு வரை உள்ள ஆடுதளம். 7 அடி மேசை என்று விற்கப்படுவதன் ஆடுதளம் பொதுவாக 38 அங்குலம் அகலமும் 76 அங்குலம் நீளமும் கொண்டது. வீடுகளுக்கான 8 அடி மேசையில் அது 44க்கு 88. 9 அடி மேசையில் 50க்கு 100. இவற்றோடு இரு பக்கமும் 64 அங்குலத்தைக் கூட்டினால், 7 அடி மேசைக்கு 13 அடி 10 அங்குலம் அகலமும் 17 அடி நீளமும் உள்ள இடம் தேவைப்படுகிறது. 8 அடி மேசைக்கு 14 அடி 4 அங்குலத்துக்கு 18 அடி. 9 அடி மேசைக்கு 14 அடி 10 அங்குலத்துக்கு 19 அடி. கடைகளில் கிடைக்கும் அட்டவணைகள் பலவற்றில் இதைவிடச் சற்றுக் குறைவான அளவுகள் இருக்கும், ஏனென்றால் அவை கையைப் பின்னால் இழுக்கும் அந்த ஆறு அங்குலத்தைச் சேர்ப்பதில்லை. கோல் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவு இடம் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், ஆட்டக்காரர் மெதுவாகத் தட்டலாம். ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்க ஓங்கி ஒரு பிரேக் அடிக்க முடியாது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 7 அடி மேசைக்கு வேண்டிய 13 அடி 10 அங்குல அகலத்தில் 10 அடி 8 அங்குலம் கோலுக்கே போய்விடுகிறது. மேசையின் பங்கு மூன்றடி சொச்சம்தான். 9 அடி மேசையிலிருந்து 8 அடிக்கு இறங்கினால் அகலத்தில் அரை அடிதான் மிச்சமாகிறது. 8 அடியிலிருந்து 7 அடிக்கு இறங்கினாலும் அதே அரை அடிதான். நீளத்தில் ஓர் அடி மிச்சமாகும். அறை மூன்றடி குறைவாக இருக்கிறதே, சிறிய மேசையாக வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். மேசையைச் சுருக்குவதால் அறை அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அறையில் இடத்தைத் தின்பது கோல்.

அப்படியானால் கோலைச் சுருக்கலாமே என்று கேட்பீர்கள். சுருக்கலாம், கணக்குப்படி அதில்தான் மிச்சம் அதிகம். 52 அங்குலக் கோலை எடுத்தால் அகலத்தில் ஓர் அடி குறைகிறது, 48 அங்குலக் கோலுக்கு இன்னும் எட்டு அங்குலம் குறைகிறது. ஆனாலும் நான் இதை எச்சரிக்கையோடுதான் சொல்வேன். ஒரு சுவரின் ஒரு பகுதியில் மட்டும் இடம் நெருக்கமாக இருந்து, எப்போதாவது அங்கே பந்து நிற்கும்போது குட்டைக் கோலை எடுத்து அடிப்பது முற்றிலும் நியாயமான ஏற்பாடு. ஆனால் நான்கு பக்கமும் குட்டைக் கோலால்தான் ஆட முடியும் என்ற நிலையில் ஒரு மேசையை வாங்கினால், ஆறு அடி உயரமுள்ள ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் கைகளை ஒடுக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சில மாதங்களில் அந்த மேசையின் மேல் துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரிய மேசையும் குட்டைக் கோலும் என்பதைவிடச் சிறிய மேசையும் முழுக் கோலும் என்பதே என் தேர்வு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடையில் '7 அடி', '8 அடி' என்று சொல்வது பெயர் மட்டுமே என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 7 அடி என்ற பெயரில் 38க்கு 76 ஆடுதளமும் உண்டு, 39க்கு 78 ஆடுதளமும் உண்டு. 8 அடி என்ற பெயரில் வீட்டு அளவான 44க்கு 88 ஒன்று. போட்டிகளுக்கான 46க்கு 92 இன்னொன்று. 9 அடியில் அளவு ஒன்றுதான் என்றாலும் ஆட்டம் இரண்டு வகை. அமெரிக்க பாணி மேசையில் பந்து விழும் குழியான பாக்கெட்டின் வாய் நேராக வெட்டப்பட்டிருக்கும், துணி வழவழப்பாக இருக்கும். சீன எயிட் பால் மேசையில் பாக்கெட்டின் வாய் ஸ்னூக்கர் மேசையைப் போல வளைந்திருக்கும், துணியில் மெல்லிய மயிரிழை இருக்கும்; அதில் சற்றே தவறினாலும் பந்து வெளியே துள்ளிவிடும். ஆகவே விற்பவரிடம் எத்தனை அடி என்று கேட்பதோடு நிறுத்தாமல், குஷன் மூக்கிலிருந்து மூக்கு வரை எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். இயன்றால் அளவு நாடாவைக் கையோடு கொண்டு போய் நீங்களே அளந்து பாருங்கள்.

இனி நம் ஊர் வீடுகளுக்கு வருவோம். கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் நம்மவர்கள் பெரும்பாலும் வாழ்வது இரட்டை மாடித் தொடர் வீடுகளில்தான். 20க்கு 70, 22க்கு 75 என்று நாம் சொல்வது நிலத்தின் அளவு. பொதுச் சுவர்களின் கனத்தைக் கழித்தால் 22 அடி வீட்டின் உள்ளகலம் ஏறத்தாழ 21 அடி, 20 அடி வீட்டின் உள்ளகலம் ஏறத்தாழ 19 அடி. படிக்கட்டு ஹாலுக்குள்ளேயே ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஏறினால் அதற்கு மூன்றடி போகும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் 8 அடி மேசைகூட உட்கார்ந்துவிடும்போல் தோன்றும். ஆனால் தொடர் வீட்டின் ஹால் தனியறை அன்று, அது வழியும்கூட. வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள், மாடியிலிருந்து இறங்குகிறவர்கள், பள்ளிப் பையோடு வரும் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே ஆட்டத்துக்கான இடத்தைக் கழித்த பிறகு நடைவழிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் தொடர் வீட்டில் பார்க்க வேண்டிய முதல் எண்.

மேசையை எந்தத் திசையில் போடுகிறோம் என்பதே இங்கே பாதி விடையாகிவிடுகிறது. படிக்கட்டு பின்பக்கம் இருக்கும் 20 அடி வீட்டில் 7 அடி மேசையைக் குறுக்கே போட்டால், 17 அடி போக இரண்டடிதான் மிஞ்சும். கையில் தட்டோடு ஒருவர் போக அது போதாது. அதே மேசையை வீட்டின் நீளவாக்கில் போட்டால் அகலத்தில் 13 அடி 10 அங்குலம் போக ஐந்தடிக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த ஐந்தடியில் சுவரோரமாக ஒரு நீண்ட பெஞ்சும் போட்டு, முன்னால் நடக்கவும் வழி விடலாம். ஆனால் நீளத்தில் 17 அடி போய்விடுவதால் சோபாவும் தொலைக்காட்சியும் இடம் பெயர வேண்டியிருக்கும். இதை வீட்டிலுள்ள எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது 50 பேர் வந்து உட்காரும் இடமும் அந்த ஹால்தான். துணிக்கு அடியில் ஸ்லேட் கற்பலகை வைத்த, கால் டன் எடைக்கு மேலுள்ள மேசையை அன்றைக்கு மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட முடியாது.

செத்தாபாக்கில் என் மைத்துனரின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 22 அடி வீடு, படிக்கட்டு ஹாலிலேயே தொடங்குகிறது. அவருக்கு 8 அடி மேசை மீதுதான் ஆசை. நாங்கள் கடைக்குப் போகவில்லை. முதலில் பழைய தமிழ் நாளிதழ்களைத் தரையில் விரித்து, 44க்கு 88 அங்குலத்துக்கு ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டினோம். அதன் விளிம்பில் 50 சென் நாணயத்தைப் பந்தாக வைத்து, தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் கோலைப் பிடித்து, நான்கு பக்கமும் குனிந்து குனிந்து அடிப்பதுபோல் பார்த்தோம். வாசல் பக்கம் பிரச்சினை இல்லை. உள்பக்கத்தில் குனிந்தபோது அவருடைய பின்கை படிக்கட்டின் கைப்பிடித் தூணில் இடித்தது. டேப்பைப் பிரித்து 7 அடி மேசையின் அளவுக்கு மாற்றி ஒட்டினோம். நீளத்தில் குறைந்த அந்த ஓர் அடியில் கை தாராளமாகத் தூணைக் கடந்துபோய் நின்றது. மேசையைச் சுருக்கினால் மிச்சம் குறைவு என்று மேலே சொன்னேன்; ஆனால் குறைவாக இருப்பதே ஓர் அடிதான் என்றால் அந்த ஓர் அடி முழு விடையாகிவிடும். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

அப்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நாற்காலியில் உட்கார்ந்து கவனித்த என் அத்தை, "சாமிக்கு முதுக காட்டிக்கிட்டு தெனமும் குனிஞ்சி நிப்பீங்களா?" என்று கேட்டார். சுவரோரமிருந்த சாமி மேடை, மேசையின் நீளப் பக்கத்துக்கு நேர் பின்னால் இருந்தது. "மாமா, இது நமக்குத் தோணவே இல்லையே" என்றார் மைத்துனர். மேசையின் இடத்தை எதிர்ச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி, சாமி மேடைக்கு முன்னால் நடைவழி வரும்படி மாற்றினோம். அத்தை விளக்கேற்றும் நேரத்தில் யாரும் கோலோடு குறுக்கே நிற்க வேண்டியதில்லை என்றும் ஆயிற்று. நாளிதழ் விரித்துப் பார்ப்பதில் உள்ள பெரிய நன்மை இதுதான். எண்களில் தெரியாத ஆட்சேபங்கள், வீட்டிலுள்ளவர்கள் அந்த உருவத்தைத் தரையில் பார்த்த உடனே வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று நாள்கள் அந்த டேப்பை அப்படியே விட்டுவைத்து, அதைச் சுற்றி நடமாடிப் பார்க்கச் சொல்வேன்.

தூண்களும் மூலைகளும் எல்லாம் ஒரே மாதிரியான தடைகள் அல்ல. ஹாலின் நடுச்சுவரிலிருந்து ஓர் அடி அகலத் தூண் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், குஷனுக்குச் செங்குத்தாக அடிக்கும் அடிகளில் அந்தத் தூணுக்கு நேரே உள்ள ஓர் அடி நீளத்தில் மட்டும்தான் தொல்லை. சாய்வாக அடிக்கும் அடிகளில் கோலின் பின்முனை வேறு இடத்துக்குப் போய்விடும். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்த 52 அங்குலக் கோலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அறையின் மூலைகளோ இதற்கு நேர் எதிர். மேசையின் மூலையிலிருந்து அறையின் மூலைக்குள்ள குறுக்குத் தூரம் 90 அங்குலம் வரை இருக்கும். கோலுக்கு வேண்டியது 64 அங்குலம்தான். எனவே கோல்களை வைக்கும் ஸ்டாண்டு, சிறிய குளிர்பெட்டி, உயரமான முக்காலி எதுவானாலும் மூலைகளில் வையுங்கள். சுவரின் நடுவில் வைத்தால் ஒல்லியான ஒரு காலணி அலமாரிகூட ஆட்டத்தைக் கெடுக்கும்.

ஹாலில் இடமில்லாதவர்கள் அடுத்து நினைப்பது முன்பக்கக் கார் போர்ச்சை. அது வேண்டவே வேண்டாம். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகப் போர்ச்சின் தரையைச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள்; சாயங்கால மழையின் சாரல் பக்கவாட்டில் வரும்; காற்றின் ஈரம் துணியிலும் மரத்திலும் ஏறும். பின்கட்டை நீட்டிக் கட்டிய சமையலறைப் பகுதி இதைவிட நல்ல யோசனையாகத் தெரிந்தாலும், அதில் மறைந்திருக்கும் ஆபத்து வேறு. வீட்டின் மூலப் பகுதியும் பின்னால் நீட்டிய பகுதியும் பெரும்பாலும் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பதில்லை. நீட்டிய பகுதி வருடக் கணக்கில் மெல்ல இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் தரை ஓட்டில் ஒரு விரிசல் கோடாக ஓடுவதை நம் வீடுகள் பலவற்றில் காணலாம். மேசையின் இரண்டு கால்கள் அந்தக் கோட்டுக்கு இப்பாலும் இரண்டு கால்கள் அப்பாலும் நின்றால், எத்தனை முறை மட்டம் பார்த்தாலும் அது நிலைக்காது. உலக பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிப்படி ஆடுதளத்தின் நீளத்தில் அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் 0.02 அங்குலம்தான், அதாவது அரை மில்லிமீட்டர். அடித்தளம் வேறாக இருக்கும் தரையில் அதை எதிர்பார்க்க முடியாது. முழு மேசையும் ஒரே பகுதிக்குள் அடங்கினால் மட்டும் வையுங்கள்.

மாடியறைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எடையை முதலில் பார்ப்போம். ஓர் அங்குலக் கனமுள்ள ஸ்லேட் கொண்ட 8 அடி மேசையில் ஸ்லேட் மட்டுமே 220 கிலோ அளவுக்கு வரும். மரச்சட்டம், கால்கள் எல்லாம் சேர்த்தால் 350 முதல் 400 கிலோ. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு கட்டடத் துணைச் சட்டங்கள் குடியிருப்புத் தளங்களுக்கு வைத்திருக்கும் அடிப்படைச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. மேசையின் எடையை அதன் பரப்பு முழுவதும் பரப்பிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 110 கிலோ அளவில்தான் வருகிறது. ஆனால் எடை பரப்பில் இறங்குவதில்லை, நான்கு கால்களின் வழியாக இறங்குகிறது, சுற்றிலும் ஆட்களும் நிற்கிறார்கள். ஆகவே மாடியில் வைப்பதாக இருந்தால் உத்தரங்கள் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எடையைத் தாங்கினாலும், தொடர் வீட்டின் மாஸ்டர் படுக்கையறை பெரும்பாலும் இந்த ஆட்டத்துக்குப் போதாது. 12க்கு 14 அடி அறையில் 7 அடி மேசையைப் போட்டு, 48 அங்குலக் கோலால் ஆடினால்கூட அகலத்தில் இரண்டு அங்குலம் குறைகிறது.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு அகலத்தோடு மின்தூக்கியும் ஒரு கேள்வி. 8 அடி மேசையின் ஸ்லேட் மூன்று துண்டுகளாக வந்தால், ஒவ்வொன்றும் 75 கிலோ அளவில் இருக்கும், இரண்டு பேர் தூக்கித் திருப்பி மின்தூக்கிக்குள் வைத்துவிடலாம். காசு போட்டு ஆடும் வகையைச் சேர்ந்த 7 அடி மேசைகளில் ஸ்லேட் பெரும்பாலும் ஒரே துண்டு. அதைப் பிரிக்க முடியாது. பெரிய மேசை எளிதாக மேலே ஏறி, சின்ன மேசை கீழேயே நின்றுவிடும் நிலைமை இப்படித்தான் ஏற்படுகிறது. நிர்வாக அலுவலகத்தில் சரக்கு ஏற்றும் நேரத்தைக் கேட்கும்போதே மின்தூக்கியின் உள்ளளவையும் எடை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்கு ஒரு பிரேக் சத்தமும், அதன் பின் தரையில் விழுந்து உருளும் பந்தின் சத்தமும் கான்கிரீட் தளத்தின் வழியாக நன்றாகவே இறங்கும்.

விளக்கும் விசிறியும் மேசையின் இடத்தோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டியவை. நம் ஹால்களில் நடுக்கூரையில் விசிறி தொங்கும். மேசையும் இயல்பாகவே அதற்கு நேர் கீழே வந்து சேரும். விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால், சுழலும் இறக்கைகளின் நிழல் துணியின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். பந்தின் விளிம்பைக் குறிபார்க்கும் கண்ணுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. குஷனை ஒட்டிய பந்துக்குக் கோலின் பின்முனையை உயர்த்தி அடிக்கும்போது விசிறி தாழ்வாக இருந்தால் இடிக்கவும் செய்யும். விசிறியைக் கழற்றிவிட்டு, சுவர் விசிறியோ ஏர்கானோ வைத்து, மேசையின் நீளத்துக்கு ஏற்ற நீண்ட விளக்கைத் தொங்கவிடுவதே சரி. போட்டி மேசைகளுக்கு, ஓரமாக நகர்த்தக்கூடிய விளக்கின் அடிப்பாகம் ஆடுதளத்திலிருந்து குறைந்தது 40 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் 36 அங்குலம் வரை இறக்கலாம், ஆனால் அதற்கும் கீழே இறக்கினால் எதிரில் நிற்பவரின் முகமே மறைந்துவிடும். விளக்குக்கான மின்கம்பியை மேசை வருவதற்கு முன்பே இழுத்துவிடுங்கள், ஏனென்றால் புதிதாக விரித்த துணியின் மேல் ஏணியும் துளைப்பானும் தூசியும் வரக்கூடாது. வெயில் நேராக விழும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மேசையைப் போட்டால் துணி ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். கனமான திரை போட்டால் போதும்.

பலகை போட்டால் சாப்பாட்டு மேசையாகும் வகை இப்போது நிறைய விற்கிறது. இடமில்லாத வீட்டுக்கு அது நல்ல உபாயம்தான், ஆனால் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. பூல் மேசையின் ஆடுதளம் தரையிலிருந்து 29¼ முதல் 31 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் குஷனும் பலகையும் சேரும்போது சாப்பாட்டு மேசையின் வழக்கமான உயரத்தைத் தாண்டிவிடுகிறது. ஸ்லேட்டுக்கும் பாக்கெட்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் கீழ்ச்சட்டம் இறங்கி நிற்கும், நாற்காலியை உயர்த்தினால் முழங்கால் அதில் முட்டும். பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை அவர்களை உட்கார வைத்தே சோதித்துப் பாருங்கள். கீழே ஸ்லேட்டுக்குப் பதிலாக மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வைத்த மேசைகளை நம் ஊர் ஈரக்காற்றுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஈரம் ஏறி உப்பிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இவ்வளவும் இடத்தைப் பற்றியது. இடம் தாராளமாக உள்ள செமி-டி வீட்டிலோ பங்களாவிலோ இருப்பவர் எதை வாங்குவது என்றால், அது யார் ஆடப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பந்துகளின் அளவு மூன்று மேசைகளிலும் ஒன்றுதான், 2¼ அங்குலம். ஆகவே 7 அடி மேசையில் தூரம் குறைவு, நெருக்கம் அதிகம். பிள்ளைகளும் புதிதாகக் கோல் பிடிப்பவர்களும் பந்தைப் போட்டு மகிழ அது ஏற்றது, அதே நேரத்தில் கூட்டமாக நிற்கும் பந்துகளைப் பிரித்து எடுக்கும் நுணுக்கத்தையும் நன்றாகக் கற்றுத் தரும். போட்டிகளுக்குப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 9 அடிதான் வேண்டும், ஏனென்றால் உலக அளவிலான ஒன்பது பந்து ஆட்டங்கள் அதில்தான் நடக்கின்றன. நீண்ட தூரத்து அடிகளுக்குக் கை பழக வேண்டுமானால் வேறு வழியில்லை. அதற்கு இடமில்லாதவர்கள் வீட்டில் 7 அடி மேசை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பக்கத்துப் பூல் மையத்தில் 9 அடி மேசையை மணிக்கணக்கில் எடுத்து ஆடுவது நல்ல ஏற்பாடு. நடுவிலுள்ள 8 அடி, குடும்பமும் ஆடும், ஓரளவு தேர்ந்தவர்களும் ஆடும் வீட்டுக்கு. 22 அடி வீட்டில் படிக்கட்டு பின்பக்கம் இருந்து, ஹாலில் 18 அடி நீளம் கிடைத்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஸ்னூக்கர் மேசை கேட்பவர்களும் உண்டு. 1875இல் ஜபல்பூரில் பிறந்து, 1880களில் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் பெற்ற ஆட்டம் என்பதால் எனக்கும் அதன் மீது தனிப் பிரியம் உண்டு. ஆனால் முழு அளவு மேசையின் ஆடுதளம் 5 அடி 10 அங்குலத்துக்கு 11 அடி 8½ அங்குலம். மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால் பதினாறரை அடிக்கு 22 அடி 4½ அங்குலம் வேண்டும், எடையோ ஒரு டன்னைத் தாண்டும். தொடர் வீட்டுக்கு அது இல்லை.

அளவு முடிவான பிறகு, விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை நான்கு: ஆடுதளம் எத்தனை அங்குலம், ஸ்லேட்டின் கனம் எவ்வளவு, அது எத்தனை துண்டு, பொருத்திய பிறகு மறுபடி மட்டம் பார்க்க ஆள் வருவாரா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதிதாகப் பொருத்திய மேசையின் கால்கள் தரை ஓட்டின் மேல் அமர்ந்து, மரம் அறையின் ஈரத்துக்குப் பழகும் முதல் சில மாதங்களில் மட்டம் சற்று விலகும். ஒரு பந்தை மெதுவாக உருட்டி, நிற்கப்போகும் நேரத்தில் அது ஒரு பக்கமாக வளைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த இரண்டாம் முறை வருகைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, ரசீதில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.